ஒரு தேக்கரண்டி நீர்: முட்டை ‘வெடிக்கும்’ கதை

(ஒலிவடிவில் வந்த அத்தியாயத்தின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்த இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)



போன மாதம் ஒரு நேயர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாங்க. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. கல்யாணமாகி நாலு வருஷம். மாதாமாதம் ஃபாலிக்குலர் ஸ்டடி, அதாவது மாதவிலக்கு ஆரம்பிச்ச ஒன்பதாம் நாள், பதினோராம் நாள், பதின்மூணாம் நாள்னு வரிசையா ஸ்கேன். “அக்கா, 18 மி.மீ., 20 மி.மீ.ன்னு நல்லாத்தான் வளருது. அப்புறம் பாத்தா ‘முட்டை வெடிக்கலையேம்மா’ன்னு சொல்றாங்க”ன்னு எழுதியிருந்தாங்க. அவங்க மாமியார் ஃபோன்ல யார்கிட்டயோ “அவளுக்கு முட்டையே வெடிக்க மாட்டேங்குதாம்”னு சொன்னது இவங்க காதுல விழுந்திருக்கு. அதுக்கப்புறம் ஒரு கேள்வி: “முட்டை எப்படிக்கா வெடிக்கும்? வெடிச்சா முட்டை உடைஞ்சு போயிடாதா?”

நியாயமான கேள்வி. நாலு வரியில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான், இந்த ‘வெடிப்பு’ என்ற சொல்லுக்குப் பின்னால் முந்நூற்றைம்பது வருடக் குழப்பம் ஒன்று இருப்பது தெரிந்தது. அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஸ்கேன் திரையில் கறுப்பு வட்டமாகத் தெரிவது முட்டை கிடையாது. அது சினைப்பைக்குள் இருக்கும் ஒரு நீர்ப்பை. டாக்டர்கள் ஃபாலிக்கிள் என்பார்கள். முட்டை அந்தப் பைக்குள், ஒரு ஓரமாக, செல்களாலான சின்ன மேடு ஒன்றில் பதிந்திருக்கும். அதன் குறுக்களவு ஏறக்குறைய 0.1 மி.மீ. தான். ஸ்கேன் மெஷினுக்கு அது தெரியாது. 20 மி.மீ. அளவுள்ள ஒரு பையில் சுமார் 4 மில்லி நீர் இருக்கும், ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. அதில் முட்டையின் பங்கு பல லட்சத்தில் ஒன்று. ஆக, “முட்டை 20 மி.மீ. வளர்ந்திருக்கு”ன்னு சொல்றப்போ நாம உண்மையில் அளந்துகிட்டு இருக்கறது தண்ணியைத்தான்.

இந்தப் பையையே முட்டை என்று நினைத்துக்கொள்வது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லை. அறிவியலிலும் இது இப்படித்தான் ஆரம்பித்தது.

17ஆம் நூற்றாண்டின் நடுவரை, சினைப்பைக்கு ஐரோப்பாவில் இருந்த பெயர் ‘பெண்ணின் விரை’. கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து அப்படித்தான். ஆணுக்கு இருப்பதன் குறைபட்ட நகல் என்று அர்த்தம். இதயம் ரத்தத்தைச் சுற்றவிடுகிறது என்று கண்டுபிடித்தாரே வில்லியம் ஹார்வி, அவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் வேட்டைக்காட்டு மான்களை அறுத்து அறுத்துப் பார்த்தார். எல்லா உயிரும் முட்டையிலிருந்தே வருகிறது என்று 1651இல் புத்தகமும் போட்டார். ஆனால் அந்த முட்டை சினைப்பையிலிருந்து வருகிறது என்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. அந்த உறுப்புக்கு இனப்பெருக்கத்தில் வேலையே இல்லை என்று நினைத்தார். 1667இல் டென்மார்க்காரரான நீல்ஸ் ஸ்டென்சன், சுறா வகை மீன் ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு, ‘பெண்ணின் விரை’ என்பது உண்மையில் முட்டை இருக்கும் இடம் என்று எழுதினார்.

அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1672இல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஒரு டாக்டர் புத்தகம் வெளியிடுகிறார். பெயர் ரெய்னியர் டி கிராஃப். வயது 31. மனிதர், பசு, ஆடு, முயல் என்று பல உயிர்களின் சினைப்பைகளைத் திறந்து பார்த்தவர். எல்லாவற்றிலும் நீர் நிறைந்த கொப்புளங்கள் இருந்தன. இவருக்கு முன்பே வெசாலியஸ், ஃபலோப்பியோ போன்றவர்கள் இந்தக் கொப்புளங்களைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுக் கடந்து போய்விட்டார்கள். டி கிராஃப் போகவில்லை. அவர் செய்தது என்ன தெரியுமா? அவற்றை வேகவைத்தார்.

ஆமாம், அடுப்பில் வைத்து. வெந்ததும் உள்ளே இருந்த நீர் வெள்ளையாகக் கெட்டிப்பட்டது. நிறம், பதம், சுவை மூன்றிலும் கோழி முட்டையின் வெள்ளைக்கரு போலவே இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். சுவைன்னா? ருசி பார்த்திருக்கார்னுதான் அர்த்தம். அந்தக் காலத்து டாக்டர்கள் நோயாளியின் சிறுநீரையே ருசி பார்த்தவர்கள், அதனால் பெரிதாக ஆச்சரியப்பட வேண்டாம். வெள்ளைக்கரு இருந்தால் அது முட்டை. எனவே இந்தக் கொப்புளம்தான் முட்டை. இதுதான் அவர் முடிவு.

சோதனை சரி, முடிவுதான் தப்பு. அந்த நீரில் ஆல்புமின் என்ற புரதம் நிறைய இருக்கிறது. ரத்தத்தில் இருந்து கசிந்து வருவது. சூடுபட்டால் கெட்டியாகும். அவர் கண்ணால் பார்த்ததில் ஒரு பிழையும் இல்லை.

எனக்கு டி கிராஃப் மேல் மரியாதை வருவது இதற்கு அடுத்ததாக அவர் செய்த வேலையில்தான். முயல்களை இணையவிட்டு, அரை மணி நேரத்தில் ஒன்று, சில மணி நேரம் கழித்து இன்னொன்று, பிறகு நாள்கணக்கில் என்று ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்துக் குறிப்பெழுதினார். சினைப்பையில் காலியான கொப்புளங்கள் எத்தனையோ, அத்தனை கருக்கள் கருப்பையில் இருந்தன. கணக்கு பொருந்தியது. ஆனால் ஒரு இடத்தில் உதைத்தது. மூன்றாம் நாள் கருக்குழாயிலும் கருப்பையிலும் கிடைத்த உருண்டைகள், சினைப்பையில் இருந்த கொப்புளங்களைவிடப் பல மடங்கு சின்னவை. முட்டை பயணம் போகும்போது சுருங்குமா என்ன? டி கிராஃப் இதை மறைக்கவில்லை. கொப்புளத்துக்குள் முட்டையோடு வேறு ஏதோ பொருளும் இருக்க வேண்டும், அது பின்னால் தங்கிவிடுகிறது என்று எழுதினார். தன் முடிவைத் தானே பாதி கலைத்துக்கொண்ட வரி அது. அந்த ‘வேறு ஏதோ பொருள்’தான் இந்த அத்தியாயத்தின் நாயகன்.

அவருக்கு அதைத் தொடர நேரம் கிடைக்கவில்லை. கூடப் படித்த யான் ஸ்வாமர்டாம், “இதை முதலில் கண்டது நாங்கள்” என்று சண்டைக்கு வந்தார். வழக்கு லண்டன் ராயல் சொசைட்டி வரை போனது. 1673 ஆகஸ்டில், 32 வயதில், டி கிராஃப் இறந்துபோனார். சாவதற்குச் சில மாதம் முன்பு அதே ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதி, எங்கள் ஊரில் லீவன்ஹுக் என்று ஒருவர் அற்புதமான மைக்ராஸ்கோப் செய்கிறார், கவனியுங்கள் என்று சொல்லியிருந்தார். அந்த லீவன்ஹுக் 1677இல் விந்தணுவைக் கண்டார், கண்டதோடு முட்டைக் கொள்கையை எதிர்க்கவும் செய்தார். வரலாறு சில நேரம் இப்படித்தான் விளையாடும்.

அதன் பிறகு 150 வருடம் பெரிய முன்னேற்றம் இல்லை. கொப்புளத்துக்கு ‘கிராஃபியன்’ என்று அவர் பெயர் நிலைத்தது. முட்டை மட்டும் கிடைக்கவில்லை.

1827. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க், இன்றைய ரஷ்யாவின் கலினின்கிராட். கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர், நாய்களின் கருக்குழாயில் மிகச் சின்ன முட்டைகளைப் பார்த்திருந்தார். அப்படியானால் அவை புறப்பட்ட இடத்தில் எப்படி இருக்கும்? அதற்கு, சமீபத்தில் இணைந்த ஒரு பெண் நாய் வேண்டும். அவருடைய மூத்த பேராசிரியர் புர்டாக் வீட்டில் அப்படி ஒரு நாய் இருந்தது. வீட்டு நாய்தான், ஆராய்ச்சிக்குப் பலியானது. சினைப்பையைத் திறந்தபோது ஒரு கொப்புளத்துக்குள் மஞ்சளாக ஒரு புள்ளி. இன்னொன்றில் பார்த்தார், அங்கேயும் புள்ளி. கொப்புளத்தைத் திறந்து, கத்தி முனையால் அந்தப் புள்ளியை எடுத்து, தண்ணீர் விட்ட கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரியான சின்னக் கிண்ணத்தில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மின்னல் தாக்கியது மாதிரி பின்வாங்கினேன், இரண்டாவது முறை பார்க்கவே பயந்தேன் என்ற பொருளில் அவர் பிற்காலத்தில் எழுதினார். இவ்வளவு பேர் இத்தனை காலம் தேடியது, இவ்வளவு எளிதாகத் தன் கண்ணில் படுமா என்ற சந்தேகம்தான் அந்தப் பயம்.

பாலூட்டிகளின் முட்டை கிடைத்துவிட்டது. கிடைத்த உடனே நீருக்கு மவுசு போய்விட்டது. இளநீர் குடித்தவன் மட்டையைத் தூக்கி எறிகிற மாதிரி. முட்டை முக்கியம், நீர் வெறும் நிரப்பல். அதற்கு ஒரே ஒரு வேலை கொடுத்தார்கள்: சேர்ந்துகொண்டே போய், உள்ளே அழுத்தம் கூட்டி, ஒரு நாள் பையைக் கிழித்து முட்டையை வெளியே தள்ளுவது. அளவுக்கு மீறி ஊதிய பலூன் மாதிரி. பல தலைமுறை மருத்துவர்கள் இந்தப் படத்தை மனதில் வைத்துத்தான் படித்தார்கள். நம்ம ‘வெடிப்பு’ என்ற சொல்லும் அதே படத்தில் பொருந்தி உட்கார்ந்துகொண்டது.

அந்த நீரை யாராவது தனியாக எடுத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். 1920களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், எட்கர் ஆலன் என்ற உடற்கூறியலாளரும் எட்வர்ட் டாய்சி என்ற உயிர்வேதியியலாளரும். பன்றி வெட்டும் கூடத்திலிருந்து சினைப்பைகளை வாங்கிவந்து, அந்த நீரை உறிஞ்சி எடுத்து, சினைப்பை அகற்றப்பட்ட எலிகளுக்கு ஊசி போட்டார்கள். சுமார் இரண்டு நாளில் அந்த எலிகள் இணைவதற்குத் தயாரான நிலைக்கு வந்தன. சினைப்பையே இல்லாத எலிகள்! 1923இல் கட்டுரை வெளிவந்தது. ‘வெறும் நிரப்பல்’ என்று ஒதுக்கிய நீரில் பெண் ஹார்மோன் இருந்தது.

அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க டாய்சி குழுவுக்கு இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 4 டன் பன்றிச் சினைப்பைகளிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த எஸ்ட்ரடயால் வெறும் 12 மில்லிகிராம். அரை லாரி மாமிசத்திலிருந்து ஒரு சிட்டிகைகூட இல்லை. இன்றைக்கு உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘ஈ2’ என்று ஒரு வரி வருமே, அது இதுதான். பின்னால், 1985இல், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியை அடக்கி வைக்கும் இன்ஹிபின் என்ற ஹார்மோனும் மாடு, பன்றிகளின் இதே நீரிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது.

சரி, பலூன் கதைக்கு வருவோம். நீர் அழுத்தி வெடிக்கிறது என்றால், வெடிக்கும் முன் அழுத்தம் ஏற வேண்டும் இல்லையா? இவ்வளவு எளிய கேள்வியை யாரும் சரியாக அளந்து பார்க்க 1963 வரை ஆனது. அளப்பது கஷ்டமும்கூட. ஊசி குத்தினாலே பை ஒழுகிவிடும். லாரன்ஸ் எஸ்பே, ஹாரி லிப்னர் இருவரும் முயலின் ஃபாலிக்கிளுக்குள் மிக நுண்ணிய குழாயைச் செருகி, கடைசி நேரம் வரை அழுத்தத்தைப் பார்த்தார்கள். முயலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இணைந்து சுமார் பத்து மணி நேரத்தில் முட்டை வெளிவரும் என்று கடிகாரம் வைத்துச் சொல்லலாம். அதே வருடம் பிளாண்டாவ், ரூமெரி இருவரும் எலியில் அளந்தார்கள்.

அழுத்தம் ஏறவே இல்லை.

முயலில் கிடைத்த அளவு சுமார் 15 முதல் 20 மி.மீ. பாதரசம். நம்ம பி.பி. 120க்கு 80ன்னு சொல்றோமே, அதே அலகு. நுண்ணிய ரத்தக் குழாய்களில் இருக்கும் அழுத்தம்தான் இது. கடைசி நிமிடத்திலும் அது எகிறவில்லை. அப்படியானால் பை எப்படித் திறக்கிறது? சுவர் தளர்கிறது. இரண்டு வருடம் கழித்து எஸ்பேயும் லிப்னரும் ஃபாலிக்கிளுக்குள் புரதத்தைக் கரைக்கும் நொதியைச் செலுத்திப் பார்த்தார்கள். அழுத்தம் கூடாமலே, இயற்கையில் நடப்பது போலவே, பை திறந்தது.

இதை 1916லேயே ஒருவர் ஊகித்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. ஷோஷெட் என்ற அமெரிக்க மருத்துவர், ஃபாலிக்கிள் நீரிலேயே புரதத்தைச் செரிக்கும் நொதி இருக்கிறது, அதுதான் சுவரை அரிக்கிறது என்று எழுதினார். அரை நூற்றாண்டு அதைப் பெரிதாக யாரும் தொடரவில்லை. பலூன் படம் அவ்வளவு சுலபமாக மனதில் பதிந்திருந்தது. 1975இல், ரத்தக்கட்டைக் கரைக்கும் பிளாஸ்மின் நொதியின் மூலப்பொருள் இந்த நீரில் தாராளமாக இருப்பதையும், பிளாஸ்மின் சுவரைப் பலவீனப்படுத்துவதையும் வில்லியம் பீர்ஸ் காட்டினார். பிறகு வந்த ஆய்வுகளில், பிளாஸ்மின் இல்லாத எலிகளுக்கும் முட்டை வெளிவந்தது. ஆக ஒரே ஒரு நொதியின் வேலை இல்லை, பல பேர் கூடித் தேர் இழுக்கிறார்கள். 1980இல் எஸ்பே இன்னொரு படி மேலே போய், முட்டை வெளிவருவது உடம்பில் காயம்பட்ட இடம் வீங்கிச் சிவக்கும் அழற்சியைப் போன்ற நிகழ்வு என்றார். ரத்த ஓட்டம் கூடுகிறது, திரவம் கசிகிறது, புராஸ்டகிளாண்டின்கள் பெருகுகின்றன, திசு இளகுகிறது. அழற்சியைத் தணிக்கும் இண்டோமெதசின் மாதிரி வலி மாத்திரைகள் விலங்குகளில் பை திறப்பதையே தடுத்துவிடும் என்பதும் அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

இதற்கு நடுவே நீருக்கு இன்னொரு வேலையும் தெரியவந்தது. பெண் குழந்தை பிறக்கும் முன்பே அவளுடைய முட்டைகள் செல் பிரிதலைத் தொடங்கி, பாதியில் நின்றுவிடும். வருடக்கணக்கில் அப்படியே தூங்கும். 1935இல் கிரிகரி பின்கஸும் என்ஸ்மானும் முயல் முட்டையை ஃபாலிக்கிளிலிருந்து வெளியே எடுத்ததும் அது தானாக விழித்துக்கொள்வதைக் கண்டார்கள். அப்போ உள்ளே ஏதோ ஒன்று தூங்க வைத்திருக்க வேண்டும். 1955இல் மின் சூ சாங், ஃபாலிக்கிள் நீரில் வைத்தால் முயல் முட்டை விழிப்பது தடைபடுவதைக் காட்டினார். இந்த பின்கஸும் சாங்கும்தான் பின்னாளில் கருத்தடை மாத்திரையில் சேர்ந்து வேலை செய்தவர்கள். 1985இல் பன்றி ஃபாலிக்கிள் நீரில் ஹைப்போசாந்தின் என்ற பொருள் அந்தத் தடையில் பெரும்பங்கு வகிப்பது தெரிந்தது. பிந்தைய ஆய்வுகள், சுற்றியுள்ள செல்கள் முட்டைக்குள் நேரடியாக அனுப்பும் ஒரு சின்ன மூலக்கூறுதான் முக்கியக் காவலாளி என்று கதையைத் திருத்தின. எல்.எச். ஹார்மோன் எகிறும்போது அந்தக் காவல் விலகும். முட்டை விழிக்கும். அதே சமிக்ஞையில்தான் சுவரும் இளக ஆரம்பிக்கும்.

‘முட்டை வெடிக்கிற ஊசி’ன்னு போடறாங்களே, எச்.சி.ஜி., அது செய்வதும் இதுதான். எல்.எச். மாதிரி நடிக்கிறது. ஊசி போட்டு 36 மணி நேரத்துக்குப் பிறகு பை திறக்கும் என்று கணக்கு. ஐ.வி.எஃப். செய்பவர்கள் அதற்குக் கொஞ்சம் முன்பே ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். தாமதித்தால் முட்டை போய்விடும்.

1977 நவம்பரில் இங்கிலாந்தின் ஓல்டம் பக்கத்தில் பாட்ரிக் ஸ்டெப்டோ அப்படி ஒரே ஒரு ஃபாலிக்கிளின் நீரை எடுத்தார். அந்தக் குழுவில் அப்படி எடுத்த நீரை வாங்கி, மைக்ராஸ்கோப்பில் முட்டையைத் தேடியெடுக்கும் வேலையில் கைதேர்ந்தவர் ஜீன் பர்டி. அடுத்த ஜூலையில் லூயிஸ் பிரௌன் பிறந்தார். ராபர்ட் எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். 39 வயதில் இறந்துபோன பர்டியின் பெயர் நினைவுப் பலகையில் ஏற 2015 ஆனது. அதே 1978 அக்டோபரில், கொல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜி, வயிற்றைத் துளைக்காமல் பிறப்புவழியாக ஊசி செலுத்தி நீரை எடுத்து, துர்கா என்று அழைக்கப்பட்ட குழந்தை பிறக்கக் காரணமானார். அவரை அன்றைக்கு யாரும் நம்பவில்லை. 1981இல் தற்கொலை செய்துகொண்டார். அவர் கதைக்குத் தனி அத்தியாயமே வேண்டும், இன்றைக்கு இத்தோடு விடுகிறேன்.

இப்போ நேயரின் கேள்விக்கு வருகிறேன்.

2008இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸில் ஜாக் டோனே என்ற மகப்பேறு மருத்துவர், ஒரு பெண்ணுக்குக் கருப்பை அகற்றும் அறுவைக்குத் தயாராகும்போது, தற்செயலாக அந்த நேரத்தில்தான் முட்டை வெளிவருவதைப் பார்த்துப் படம் எடுத்தார். மனிதரில் இவ்வளவு தெளிவான படம் அபூர்வம். சினைப்பையின் மேல் சிவந்த ஒரு சின்ன மேடு. அதன் நுனியில் ஒரு துளை. அதிலிருந்து ஜெல்லி மாதிரி மஞ்சளாக ஒரு பொருள் மெதுவாக வெளியே வருகிறது. முழுசா வெளியே வர சுமார் 15 நிமிடம் ஆனது. வெடி எதுவும் இல்லை.

ஆகவே தங்கச்சி, முட்டை வெடிக்காது, உடையவும் உடையாது. பை திறக்கும். நீர் கசிந்து வெளியே வரும், முட்டை தன்னைச் சுற்றிய பிசுபிசுப்பான செல் கூட்டத்தோடு அதில் மிதந்து வரும். அந்தப் பிசுக்கு இருந்தால்தான் கருக்குழாயின் விரல் போன்ற நுனி அதைப் பிடித்து உள்ளே இழுக்க முடியும். அடுத்த ஸ்கேனில் கருப்பைக்குப் பின்னால் கொஞ்சம் நீர் தெரிந்தால் “வெடிச்சிருச்சு”ன்னு சொல்றாங்களே, அது இந்த நீர்தான். சில மாதம் பை திறக்காமலே போவதும் உண்டு. நல்லபடியாகக் குழந்தை பெற்றவர்களுக்கும் அவ்வப்போது நடக்கும், அவர்களை யாரும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். மூட்டுவலிக்கோ முதுகுவலிக்கோ தொடர்ந்து மாத்திரை எடுக்கிறீங்கன்னா, அதை உங்க டாக்டர்கிட்ட அவசியம் சொல்லுங்க, நீங்களா நிறுத்த வேண்டாம்.

இதையெல்லாம் சுருக்கி அவங்களுக்குப் பதில் அனுப்பினேன். மறுநாள் வந்த பதிலில் ஒரே வரி: “அப்போ வெடிக்கிறதுக்குப் பதிலா என்னன்னு சொல்றதுக்கா?” மொட்டு அவிழும்னு சொல்றோமே, பை அவிழ்ந்ததுன்னு சொல்லலாமான்னு கேட்டிருக்கேன். உங்களுக்கு வேற நல்ல சொல் தோணினா எழுதி அனுப்புங்க, அடுத்த அத்தியாயத்தில் வாசிக்கிறேன். வணக்கம்.